பெங்களூரிலிருந்து சேலம்: ஒன்பதாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

கேள்வி: பன்னிரண்டு வருஷமாகப் பெங்களூரில் இருக்கிறோம். கணவருக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஜூன் முதல் வாரம் சூரமங்கலம் அலுவலகத்தில் சேர வேண்டும். மகள் இங்கே சி.பி.எஸ்.இ. பள்ளியில் எட்டாவது முடிக்கிறாள். இரண்டாம் மொழி கன்னடம், மூன்றாம் மொழி இந்தி. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆனால் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படிக்க வரும். மகன் ஐந்தாவது முடிக்கிறான். மாமனாரும் மாமியாரும் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறார்கள். பேத்தியைத் தங்களிடம் விட்டால் மலையிலேயே நல்ல பள்ளியில் படிக்கட்டும் என்கிறார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பள்ளிப் பெயர் சொல்கிறார்கள். மகளுக்கு டாக்டர் ஆக ஆசை. ஆனால் ஊர் மாறுவதில் கொஞ்சமும் விருப்பமில்லை. சேலத்தில் நல்ல பள்ளி எது?
(சேலத்துக்கு வரவிருக்கும் ஒரு தாய்)

சகோதரிக்கு வணக்கம்.

பள்ளிப் பெயரைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். இரண்டு வருஷம் கழித்துப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் உங்கள் மகள் எந்த மொழித்தாளை எழுதப்போகிறாள் என்பதுதான் முதலில் முடிவாக வேண்டியது. அது முடிவானால் மாநிலப் பாடத்திட்டமா, சி.பி.எஸ்.இ.யா என்பதும் கூடவே முடிவாகிவிடும். சொந்தக்காரர்கள் சொன்ன பட்டியலில் பாதி அங்கேயே கழியும். குடியேறப் போகும் வீட்டிலிருந்து பயண நேரம் பார்த்தால் இன்னும் சில கழியும். மிஞ்சுகிற மூன்று நான்கு பள்ளிகளை நேரில் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் ஜூலையில் தவிக்கிறார்கள். பேர்பெற்ற பள்ளியில் பணம் கட்டிய பிறகு, முதல் மாதத் தமிழ்த் தேர்வில் பிள்ளை எட்டு மார்க் வாங்கி வந்து நிற்கும்.

தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளி என்றால், அரசுப் பள்ளியோ மெட்ரிக்குலேஷனோ, பத்தாம் வகுப்பில் தமிழ்த்தாள் கட்டாயம். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறியது. 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. மொழிச் சிறுபான்மையினர் விலக்குக் கேட்டு நீதிமன்றம் போனதெல்லாம் உண்டு. உங்கள் வீட்டுமொழி தமிழ் என்பதால் அந்த வழியைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஆகவே மகள் மெட்ரிக்குலேஷன் பள்ளியில் ஒன்பதாவது சேர்ந்தால், இருபது மாதத்துக்குள் செய்யுள் மனப்பாடம், இலக்கணம், குறளின் சீர்களை அசை பிரித்து அலகிட்டு வாய்பாடு எழுதுவது, கடிதம், கட்டுரை என்று 100 மதிப்பெண் தாளை எழுதியாக வேண்டும். தேர்ச்சிக்கு 35 வேண்டும். ஆனால் பிளஸ் 1 சேர்க்கையில் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கிற பள்ளிகள் பல. தமிழில் 45 வாங்கி மற்றதில் 90 வாங்கும் பிள்ளைக்கு, விரும்பிய குரூப்பில் இடம் கிடைப்பது கடினமாகிவிடும்.

சி.பி.எஸ்.இ.யில் ஒன்பது, பத்து இரண்டையும் சேர்த்து ஒரே படிப்பாகக் கருதுவார்கள். ஒன்பதில் எடுக்கும் பாடங்களையே பத்திலும் எழுத வேண்டும். பத்தாவது பொதுத்தேர்வுக்கு இரண்டு மொழிகள் போதும். ஆனால் அந்த இரண்டாவது மொழியைப் பள்ளி நடத்த வேண்டுமே! சேலத்துச் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் தமிழும் இந்தியும் எதிர்பார்க்கலாம். கன்னட ஆசிரியரை எதிர்பார்க்க முடியாது. மகளுக்கு எட்டாவது வரை இந்தி மூன்றாம் மொழியாக இருந்ததால், இந்தியைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளுக்கான இந்தி ‘பி’ பாடத்தை எடுக்க வழியுண்டு. ஆனாலும் ஒரு பள்ளியில் இந்தி இருக்கிறது என்பதும் ஒன்பதாவதில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு இந்தி கிடைக்கும் என்பதும் ஒன்றில்லை. கட்டாயத் தமிழ் விதி 2015-16 முதல் பிற வாரியப் பள்ளிகளுக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாக நீட்டிக்கப்பட்டிருக்கிறது. எனவே சேர்க்கைக்கு முன்பே, ஒன்பதாம் வகுப்பில் என்னென்ன மொழி, தமிழ் எந்த இடத்தில் வருகிறது, பத்தாவது பொதுத்தேர்வுக்கு எது போகும் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். அலுவலக ஜன்னலில் ‘பார்த்துக்கலாம் மேடம்’ என்று சொன்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது மகளின் தமிழ் எந்த நிலையில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் அவள் பார்த்திராத உரைநடைப் பக்கம் ஒன்றில் ஏறக்குறைய 100 சொற்களை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிஷத்துக்குள் முடித்து, என்ன படித்தோம் என்று சொல்லவும் முடிந்தால், ஜூனில் மாநிலப் பாடத்திட்டத்துக்கு அவள் தயாராகலாம். நான்கு நிமிஷத்துக்கு மேல் போனால் ஒன்பதாவதில் அந்தப் பாரத்தை அவள்மேல் ஏற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. இடைப்பட்டிருந்தால் மே கடைசியில் இன்னொரு முறை சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

எப்படியானாலும் தமிழ் படிப்பதை இன்றே தொடங்கிவிடுங்கள், தினம் நாற்பது நிமிஷம். கன்னடம் எழுதத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கும்போது வழக்கமான இடங்களில் தடங்கல் வராது, வேறு இடங்களில் வரும். ல-ள, ன-ண வேறுபாடு அவளுக்கு ஏற்கெனவே கைவந்திருக்கும். கன்னடத்திலும் அவை தனித்தனி எழுத்துகள். அங்கே நேரத்தைச் செலவிடாதீர்கள். திணறுவது க, ச, ட, த, ப-வில். கன்னடத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் எழுத்து உண்டு. தமிழிலோ ஒரே ‘க’ அக்காவில் ஒரு மாதிரி, தங்கையில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி ஒலிக்கும். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை, மெல்லினத்துக்குப் பின் மெல்லோசை, இரண்டு உயிருக்கு நடுவில் இன்னும் நெகிழ்ந்த ஓசை என்று இந்த மூன்று சொற்களையே வைத்துச் சொல்லிக்கொடுத்தால் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வாள். அடுத்தது ந-ன. கன்னடத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான். சொல்லின் முதலிலும் ‘த’வுக்கு முன்னும் வருவது ‘ந’, மற்ற இடங்களில் பெரும்பாலும் ‘ன’ என்று சொல்லுங்கள். ழ, ற இரண்டும் இன்றைய கன்னடத்தில் இல்லாதவை. காற்று, கன்று போன்ற சொற்களைத் தினம் பத்து வீதம் சொல்லச் சொல்ல எழுதவையுங்கள். மூன்று வாரம் எழுத்து, அப்புறம் மூன்றாம் வகுப்புப் புத்தகம், ஏப்ரலில் ஐந்தாவது, மே மாதத்தில் ஏழாவது என்று ஏறினால், பேச்சு ஏற்கெனவே இருக்கிற பிள்ளைக்கு அது எட்டாத உயரமில்லை. தாத்தா பாட்டிக்கு வாரம் ஒரு கடிதம் அவள் கையால் தமிழில் எழுதட்டும். பாடப்புத்தகம் கொடுக்காத வேகத்தை அந்தக் கடிதங்கள் கொடுக்கும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இப்போதைக்குச் சி.பி.எஸ்.இ.யிலேயே தொடர்வது அவளுக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறேன். ஊரும் தோழிகளும் வீடும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. பாடத்திட்டமாவது மாறாமல் இருக்கட்டும். மாநிலப் பாடத்திட்டம் தரத்தில் குறைந்தது என்பதால் இதைச் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் கணமொழி, முக்கோணவியல் எல்லாம் வைத்திருக்கிற புத்தகம் அது. பத்தாம் வகுப்புக் கணிதத்தாளில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று கையால் வரைந்து வாங்க வேண்டிய மதிப்பெண் மட்டும் 16. காம்பஸ் பிடித்துப் பழகாத பிள்ளைகள் அங்கேதான் இழக்கிறார்கள். இரண்டு வழியும் உழைப்புக் கேட்பவையே. மாறுவதற்கு எது சரியான நேரம் என்பதுதான் கேள்வி.

பிளஸ் 1-இல் மாற நல்ல நேரம் வருகிறது. பத்தாவது எந்த வாரியத்தில் முடித்திருந்தாலும் மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் 1-இல் சேரலாம். அதற்குள் அவள் தமிழும் தேறியிருக்கும். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்தான் மாறக் கூடாது. சி.பி.எஸ்.இ.யில் பத்தாவதில் புதிதாகச் சேர, பெற்றோரின் பணிமாற்றம் போன்ற காரணத்தைக் காட்டி வாரியத்தின் அனுமதி வாங்க வேண்டும். ‘ஒரு வருஷம் அப்பா மட்டும் சேலம் போகட்டும், நாங்கள் பெங்களூரில் ஒன்பதாவதை முடித்துவிட்டு வருகிறோம்’ என்று வீட்டில் பேச்சு வந்தால் அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

டாக்டர் ஆசைக்கும் ஒன்பதாம் வகுப்பில் பள்ளி தேர்ந்தெடுப்பதற்கும் சொந்தக்காரர்கள் சொல்லும் அளவுக்குத் தொடர்பில்லை. மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டின் பாடம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல், உயிரியல். சேலம், ராசிபுரம், நாமக்கல் வட்டாரத்தில் ஆறாம் வகுப்பிலிருந்தே ‘நீட் ஃபவுண்டேஷன்’ என்று தனிக் கட்டணம் வாங்குவதைப் பார்க்கலாம். அதைக் கட்டாமல் அந்தப் பணத்தைச் சேமித்து வையுங்கள். ஒன்பதாவதில் அவளுக்கு வேண்டியது, மாதம் இரண்டு முறையாவது ஆய்வகத்துக்கு அழைத்துப் போகும் அறிவியல் ஆசிரியர். பிளஸ் 1-க்குப் போகும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். பிளஸ் 1 பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருஷமும் பிளஸ் 2 பாடமே நடத்தும் வழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. நீட் கேள்விகள் இரண்டு வருஷப் பாடத்திலிருந்தும் வருவதால், பதினொன்றை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று கேட்டறிவது இனி பெற்றோர் பொறுப்பு.

டாக்டர் ஆசைக்காக இப்போதே செய்து வைக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அது தாசில்தார் அலுவலகத்து வேலை. ஆறு முதல் பிளஸ் 2 வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் மருத்துவக் கலந்தாய்வில் சொந்த மாநிலத்தவர் என்று நிரூபிப்பது சுலபம். பொறியியலுக்கு எட்டு முதல் பிளஸ் 2 வரை. உங்கள் மகள் இரண்டிலும் வரமாட்டாள். அதனால் நேட்டிவிட்டி என்று எல்லோரும் சொல்கிற இருப்பிடச் சான்றிதழ் அவளுக்குக் கட்டாயம் தேவைப்படும். உங்கள் கணவரின் பள்ளிச் சான்றிதழ்கள், பிறப்புச் சான்று, மாமனாரின் ஏற்காட்டு முகவரிக்கான பழைய ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள். சாதிச் சான்றிதழும் தமிழ்நாட்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். கர்நாடகத்தில் வாங்கியது இங்கே இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பிளஸ் 2 முடிவு வந்த பிறகு ஓடுவதைவிட, இந்த வருஷம் பள்ளி திறந்து கூட்டம் ஓய்ந்ததும் வாங்கி வைத்துவிடலாம்.

மாமனார் மாமியார் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்காட்டில் தலைமுறைகளாக நடக்கும் உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல் தொடங்கியது. மலையின் அமைதியும் விளையாட்டுத் திடலும் நகரத்தில் காசு கொடுத்தாலும் கிடைக்காதவை. ஆனாலும் உங்கள் மகளுக்கு இந்த வருஷம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். விருப்பமில்லாமல் ஊர் மாறும் பதின்மூன்று வயதுப் பெண்ணை, வந்த முதல் வருஷமே பெற்றோரிடமிருந்தும் தம்பியிடமிருந்தும் பிரித்தால், ‘எனக்காகத்தான் இதெல்லாம்’ என்று அவள் எடுத்துக்கொள்ள மாட்டாள். ‘என்னைத் தள்ளிவிட்டார்கள்’ என்றுதான் எடுத்துக்கொள்வாள். தாத்தா பாட்டி மடி சனி ஞாயிறுக்கு இருக்கட்டும்.

சேலத்தில் வீடு, மலையில் பள்ளி, தினம் போய்வருவது என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். நகரத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. வளைவில் குமட்டல் வருகிற பிள்ளை முதல் பீரியட் முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கோடை விடுமுறை நாட்களில் சுற்றுலா வண்டிகள் வரிசைகட்டும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் பாதை மூடப்படும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அதுதான் நடந்தது. குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது. ஆனால் அதே மழை அந்தப் பக்கமும்தான் பெய்கிறது. ஒருவேளை பிளஸ் 1-இல் அவளே விடுதியில் தங்கிப் படிக்க விரும்பினால், அப்போது ஒரு மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். மே மாதத்து மலர்க்காட்சிச் சமயத்து ஏற்காடு வேறு, நவம்பர் பனிமூட்டத்தில் துணி காயாத ஏற்காடு வேறு. இழுப்பு, சளித் தொந்தரவு உள்ள பிள்ளையா என்பதையும் அப்போது யோசிக்க வேண்டும்.

சேலம் நகருக்குள் தூரம் பெரிதில்லை, நேரம்தான் பெரிது. வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன், வேலைநாள் ஒன்றில் காலை ஏழே முக்காலுக்கு அந்த வீட்டிலிருந்து கிளம்பிப் பள்ளி வாசல் வரை போங்கள். சூரமங்கலத்தில் வீடு எடுத்து அஸ்தம்பட்டியைத் தாண்டிப் பள்ளி பார்த்தால், ஐந்து ரோட்டையும் நாலு ரோட்டையும் தினம் இரண்டு முறை கடக்க வேண்டும். வாசலிலிருந்து வாசலுக்கு நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு மேல் ஆனால் அந்தப் பள்ளியை விட்டுவிடலாம். பள்ளி வண்டி என்றால், உங்கள் நிறுத்தம் வரிசையில் எத்தனையாவது என்று கேளுங்கள். காலையில் முதலில் ஏறுகிற பிள்ளை பல தடங்களில் மாலையில் கடைசியாக இறங்கும். ஆறு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் சுற்றும். பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ் ஆறரைக்கு முடிந்தால், அந்த நேரத்துக்கு வண்டி உண்டா என்பது அதைவிட முக்கியமான கேள்வி. பெண் பிள்ளையை ஒன்பதில் சேர்க்கும் பெற்றோர் பெரும்பாலும் இதைக் கேட்க மறந்து, மறுவருஷம் ஆட்டோவுக்கு அலைகிறார்கள். ஏறி இறங்கப் பார்த்துக்கொள்ள வண்டியில் உதவியாளர் இருக்கிறாரா, அவசர வழி திறக்கிறதா என்று ஒரு முறை நீங்களே ஏறிப் பார்த்துவிடுங்கள்.

பள்ளியை விளம்பர நாளில் போய்ப் பார்க்காதீர்கள். சாதாரணச் செவ்வாய், புதன் போதும், பிற்பகல் மூன்று மணி. அந்த நேரத்துக் கழிப்பறைதான் உண்மையான கழிப்பறை. காலையில் எல்லாப் பள்ளியும் சுத்தமாகத்தான் இருக்கும். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, குப்பைத்தொட்டி இருக்கிறதா என்று நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் தொற்று வருவது சர்வசாதாரணம். அப்புறம் ஒன்பதாம் வகுப்பின் கால அட்டவணையைக் கேளுங்கள். விளையாட்டுப் பீரியட் எழுதியிருக்கும். அந்த நேரத்தில் திடலில் யாராவது இருக்கிறார்களா என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொள்ளலாம். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் யார், இந்தப் பள்ளியில் எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று கேளுங்கள். வருஷா வருஷம் ஆசிரியர் மாறும் பள்ளியில் கட்டடம் எவ்வளவு பளபளத்தாலும் பிள்ளைக்குப் பிரயோஜனமில்லை. முடிந்தால் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரின் கணித நோட்டைப் பார்க்கக் கேளுங்கள். எல்லாப் பக்கத்திலும் டிக் மட்டும் இருந்தால் திருத்துபவர் படிக்கவில்லை என்று அர்த்தம். தப்பான அடியில் வட்டம் போட்டு ஒரு சொல்லாவது எழுதியிருந்தால் நல்ல பள்ளி.

வெளியே பலகையில் ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருஷம் ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள், இந்த வருஷம் பத்தாவது எத்தனை பேர் எழுதுகிறார்கள்? ஐந்தாறு பேர் குறைந்தால் ஊர் மாற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். நூறில் இருபது பேர் காணாமல் போயிருந்தால், சரியாகப் படிக்காத பிள்ளைகளுக்கு டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் அந்த நூறு சதவீதம் வந்திருக்கிறது. புது ஊரில் முதல் வருஷம் தடுமாற வாய்ப்புள்ள உங்கள் மகளுக்கு அப்படிப்பட்ட பள்ளி ஆபத்து. இந்தக் கேள்விக்கு எண்ணிக்கையைத் தயங்காமல் சொல்லும் தலைமையாசிரியரை நான் பெரிதும் மதிப்பேன்.

கட்டணத்தை வாய்மொழியாகக் கேட்காமல், வருஷ மொத்தத்தை எழுத்தில் வாங்குங்கள். கல்விக் கட்டணம், வண்டி, புத்தகம், சீருடை, ஸ்பெஷல் கிளாஸ் எல்லாம் அதில் வர வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கும் குழு இருக்கிறது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் செயல்படும். மெட்ரிக்குலேஷன் பள்ளி என்றால் நிர்ணயித்த தொகையைக் குழுவின் இணையதளத்தில் பார்த்து ஒப்பிடலாம். ரசீது தராத தொகை எதையும் கொடுக்காதீர்கள். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் இணைப்பு எண்ணை வாங்கி, வாரியத்தின் இணையதளத்தில் எந்த வகுப்பு வரை இணைப்பு, எந்த வருஷம் வரை செல்லும் என்று சரிபாருங்கள். எட்டு வரை மட்டும் அனுமதி வைத்துக்கொண்டு, ‘பத்துக்கு வந்துவிடும்’ என்று ஒன்பதாவது சேர்க்கை நடத்தும் இடங்கள் உண்டு. தேர்வு எழுதும் நேரத்தில் பிள்ளையை வேறொரு பள்ளியின் பெயரில் உட்காரவைப்பார்கள்.

டி.சி.யை அவசரப்பட்டு வாங்காதீர்கள். புதுப் பள்ளி இடம் உறுதி என்று எழுத்தில் கொடுத்த பிறகு பெங்களூர்ப் பள்ளியில் விண்ணப்பியுங்கள். வாங்கும்போதே மகளின் பென் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாடு முழுக்க மாணவர்களுக்குக் கொடுத்திருக்கும் நிரந்தர எண் அது. பழைய பள்ளி, நாடு முழுக்கப் பள்ளி மாணவர் விவரங்களைப் பதியும் யூடைஸ் தளத்தில் அவளை விடுவித்தால்தான் சேலத்துப் பள்ளி சேர்த்துக்கொள்ள முடியும். டி.சி. கையில் இருந்தும் கணினியில் விடுவிக்காததால் மாதக்கணக்கில் இழுபடும் பிள்ளைகள் நிறைய. இங்கே சேர்ந்ததும், தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்ணான எமிஸ் எண்ணும் உண்டாகும். வேறு மாநிலத்து டி.சி. என்பதால் அங்குள்ள கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டுமா என்று புதுப் பள்ளியில் கேட்டுக்கொண்டு, பெங்களூரை விட்டுக் கிளம்பும் முன்னரே வாங்கிவிடுங்கள். ஏழு, எட்டாம் வகுப்பு மதிப்பெண் அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பெங்களூரில் அப்பா பெயர் பின்னால் முழுதாக வந்திருக்கும். இங்கே இனிஷியலாக முன்னால் போடுவார்கள். ஒன்பதாவதில் சி.பி.எஸ்.இ. பதிவு செய்யும்போது என்ன போகிறதோ அதுதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வரும். பிறகு பாஸ்போர்ட் வரை அதுவே. பதிவுப் படிவத்தின் அச்சு நகலைப் பார்த்து மகளே கையெழுத்துப் போடட்டும்.

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோன மகனைப் பற்றி நீங்கள் எதுவுமே கேட்கவில்லை. எனக்கு அவன் விஷயம்தான் இந்த ஜூனில் அவசரமாகத் தெரிகிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீண்டது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்கிறவர்களுக்குக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் ஆறு முதல் பிளஸ் 2 வரை என்பதே கணக்கு. மகளுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. மகனுக்கு இந்த ஜூனில் மட்டும் திறந்திருக்கிறது. ஏழாவதில் மனம் மாறிப் போனால் பயனில்லை. நடுவில் ஒரு வருஷம் தனியார் பள்ளிக்கு மாற்றினாலும் போய்விடும். மாநகராட்சிப் பள்ளி கணக்கில் வரும். அரசு உதவிபெறும் பள்ளி 7.5 சதவீதத்துக்கு வராது, அதன் தமிழ்வழி மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் மட்டும் உண்டு.

ஒதுக்கீட்டுக்காக மட்டும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. உங்கள் கணவருக்கு மூன்று வருஷத்தில் மறுபடி வேறு மாநிலம் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். சேலத்திலேயே வேர் பிடிக்கப் போகிறீர்கள் என்றால், வீட்டுக்கு அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா, ஆறாவதில் எத்தனை பேர், கணித ஆசிரியர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று, மகள் பள்ளிக்குச் சொன்ன அதே மூன்று மணிப் பார்வையோடு போய்ப் பாருங்கள். ஆறாவதில் தமிழைப் பிடித்துக்கொள்ள அவனுக்கு நான்கு வருஷம் இருக்கிறது. அக்காவுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் போட வேண்டும் என்ற வழக்கமான எண்ணம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

மகளிடம் பள்ளி முடிவான பிறகு சொல்லாதீர்கள். மூன்று பள்ளிகளாகக் குறைந்த கட்டத்தில் ஏப்ரல் விடுமுறையில் அவளைச் சேலத்துக்கு அழைத்து வாருங்கள். அந்த மூன்றில் எது வேண்டும் என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். மூன்றுமே உங்களுக்குச் சம்மதமானவை என்பதால் அவள் எதைச் சொன்னாலும் நஷ்டமில்லை. பெங்களூரில் நடனமோ இறகுப்பந்தோ எதையாவது தொடர்ந்து கற்றுக்கொண்டிருந்தால், பள்ளிக்கு முன்பே சேலத்தில் அதற்கான வகுப்பைக் கண்டுபிடித்து வையுங்கள். முதல் தோழி பெரும்பாலும் அங்கேதான் கிடைப்பாள். முதல் காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் இறங்கத்தான் செய்யும். அதைப் பெங்களூர் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று தாத்தா பாட்டியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரையாண்டுக்குப் பிறகும் காலையில் வயிற்றுவலி, தலைவலி என்று பள்ளிக்குப் போகத் தயங்கினால் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை இரண்டு. ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இறக்கிக் கையில் கடிகாரத்தோடு மகள் பக்கத்தில் உட்காருங்கள். கணவர் சூரமங்கலத்துக்கு முதல் முறை வரும்போது, அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஆறாம் வகுப்பு உள்ள அரசுப் பள்ளி எது என்று விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.